போகாத கறையில் பூப்போட்ட பனியன்

சாம்பார் சிந்திய வெள்ளைச் சட்டையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துப் பாருங்கள். மஞ்சள் கறை சட்டென்று சிவப்பாக மாறும். பயந்துவிட வேண்டாம். நன்றாக அலசி, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் உலர்த்தினால் சிவப்பும் இராது, மஞ்சளும் இராது. அதே சட்டையில் வாழைக்கறை பட்டிருந்தால்? எத்தனை முறை வெளுத்தாலும் அசையாது. இரண்டுமே செடி தந்த நிறங்கள்தாம். ஒன்று போகிறது, மற்றொன்று ஏன் போவதில்லை?

இதற்கு விடை தெரிந்தால், ஒரு வெள்ளைப் பனியனை (டி-ஷர்ட் என்றால்தான் உங்களுக்குப் பிடிக்குமோ!) வீட்டிலேயே பூப்போட்டு அணிந்துகொள்ளலாம்.

முதலில் மஞ்சளைப் பார்ப்போம். அதன் நிறத்துக்குக் காரணம் குர்க்குமின் என்னும் பொருள். காரம் பட்டால் அது சிவக்கும். சோப்பு நீர் காரத்தன்மை கொண்டது அல்லவா? குர்க்குமின் பருத்தி நாரில் தானாகவே பற்றிக்கொள்ளும். ஆனால் வெயில் பட்டால் அதன் மூலக்கூறு சிதைந்துவிடும், நிறமும் மறைந்துவிடும். பள்ளி நாட்களில் நானும் ஒரு பனியனை மஞ்சளில் தோய்த்துப் பெருமையோடு சுற்றி வந்தேன். மாடிக் கொடியில் நாலு முறை உலர்ந்ததும் பெருமை வெளுத்துவிட்டது.

வாழைக்கறையின் கதை வேறு. அதில் டானின் எனப்படும் துவர்ப்புப் பொருள்கள் உள்ளன. இவை காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து பெரிய பழுப்பு மூலக்கூறுகளாக மாறி, நாருக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. டானினோடு இரும்பு சேர்ந்தால் நிறம் இன்னும் கறுக்கும். தாத்தா காலத்துக் கடுக்காய் மை இப்படி உண்டானதுதான். கலம்காரித் துணியில் காணும் கறுப்புக் கோடுகளும் கடுக்காயும் இரும்பும் சேர்ந்து தந்தவையே.

ஒரு பெரிய கட்டிலைக் குறுகிய வாசல் வழியாக எப்படி உள்ளே கொண்டுபோவீர்கள்? சட்டம் சட்டமாகக் கழற்றி எடுத்துச் சென்று, அறைக்குள் வைத்துப் பூட்டுவீர்கள். பூட்டிய கட்டில் பிறகு வெளியே வராது. டானினும் இரும்பு அயனியும் நீரில் கரைந்து, தனித்தனியே நாரின் நுண்ணிய இடைவெளிகளுக்குள் நுழைகின்றன. உள்ளே இணைந்ததும் நீரில் கரையாத பெரிய கூட்டுப்பொருளாகிவிடுகின்றன. பிறகு சோப்பு என்ன செய்யும்? இப்படி நிறத்தை நாரில் நிலைநிறுத்தும் இரும்பு, படிகாரம் போன்றவற்றை நிறமூன்றி என்பார்கள்.

இனி வேலையைத் தொடங்குவோம். முழுப் பருத்திப் பனியனாக இருக்கவேண்டும். கழுத்துப் பட்டைச் சீட்டைப் பாருங்கள். பாலியெஸ்டர் கலந்திருந்தால் நிறம் சரியாக ஏறாது. புதுத் துணியில் பசையும் மெழுகும் இருக்கும். ஆகவே ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா போட்ட நீரில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு அலசுங்கள்.

சுமார் 150 கிராம் எடையுள்ள பனியனுக்கு 30 கிராம் கடுக்காய்த் தூள் போதும். அதை மூன்று லிட்டர் வெந்நீரில் கலக்கி, வடிகட்டி, பனியனை ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் அலசாமல் பிழிந்து நிழலில் உலர்த்துங்கள். இளமஞ்சள் நிறம் வந்திருக்கும்.

இப்போது முடிச்சு. மதுரையில் சௌராஷ்டிரச் சமூகத்தினர் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் சுங்குடிச் சேலைகளைப் பார்த்திருப்பீர்கள். துணியைக் கிள்ளியெடுத்து நூலால் இறுகச் சுற்றிச் சாயத்தில் முக்குவார்கள். சுற்றிய இடத்தில் சாயம் புகாது. அவிழ்த்தால் புள்ளி தெரியும். மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நமக்கு அத்தனை கைத்திறன் வேண்டாம். துணிக்குள் ஒரு கொண்டைக்கடலையை வைத்து, அதன் கழுத்தில் சணல் நூலால் பத்துச் சுற்றுச் சுற்றி இறுக்குங்கள். இறுக்கம்தான் முக்கியம். தளர்ந்தால் நீர் நூலுக்கு அடியில் ஊர்ந்துபோய் வட்டத்தைக் கலங்கலாக்கிவிடும்.

கடுக்காயில் ஊறவைத்த பிறகு முடிச்சிட்டால், கறுப்பில் இளமஞ்சள் வட்டங்கள் கிடைக்கும். வெள்ளை வட்டம் வேண்டுமானால் கடுக்காய்க்கு முன்பே முடிச்சிட்டு, கடைசிவரை அவிழ்க்காமல் வையுங்கள். ஏன் இந்த வேறுபாடு என்பதை நீங்களே சொல்லிவிடலாம்.

கடைசியாக இரும்பு. நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேளுங்கள். அது இரும்பு சல்பேட்தான். மூன்று கிராம் போதும். அதாவது, ஏறக்குறைய அரைத் தேக்கரண்டி. ஒரு பிளாஸ்டிக் வாளியில் மூன்று லிட்டர் நீர் விட்டுக் கரைத்து, முடிச்சிட்ட பனியனை நனைத்து முக்குங்கள். கண்ணெதிரே மஞ்சள் சாம்பலாகி, சாம்பல் கறுப்பாகும். பத்து நிமிடம் புரட்டிவிட்டு, வெளியே எடுத்துச் சற்றுக் காற்றாட விடுங்கள். ஆக்சிஜன் பட நிறம் இன்னும் ஆழமாகும். முடிச்சோடு நன்றாக அலசிய பிறகே அவிழ்க்கவேண்டும். அவசரப்பட்டால் வட்டத்தில் கறுப்பு வழியும்.

அன்னபேதியை அதிகம் போட்டால் இன்னும் கறுப்பாகுமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. மூன்று மடங்கு போட்டேன். கறுப்பென்னவோ நன்றாகத்தான் வந்தது; ஓராண்டுக்குள் பனியன் தொட்ட இடமெல்லாம் கிழிந்தது. மிகுதியான இரும்பு செல்லுலோஸ் நாரைச் சிறிது சிறிதாக அரித்துவிடும். இன்னொன்று: அன்னபேதியை விழுங்கினால் நஞ்சு. சமையல் பாத்திரத்தில் கரைக்காதீர்கள், சின்னத் தம்பி தங்கைகளுக்கு எட்டாமல் வையுங்கள், கையுறை அணியுங்கள்.

மீந்த நீரை நிறைய நீர் கலந்து சாக்கடையில் விடலாம். கிணற்றடியிலோ குளத்திலோ கொட்டக்கூடாது. ஒரு வாளி நீருக்கு இத்தனை கவலையா என்பீர்கள். நாம் வாங்கும் பனியன்களில் பெரும்பங்கு திருப்பூரில் உருவாகிறது. அங்கே பயன்படும் வினைச் சாயங்களின் மூலக்கூறுகள் எதிர் மின்னூட்டம் கொண்டவை. நீரில் நனைந்த பருத்தி நாரும் அப்படியே. ஒன்றையொன்று விலக்கும் இவற்றை நெருங்கவைக்க நிறைய உப்புச் சேர்க்கவேண்டும். உப்பு துணியில் தங்காது. கழிவு நீரோடு போய்விடும். அந்த நீர் நொய்யலாற்றில் கலந்து பாசன நிலங்களைப் பாழாக்கியது. கழிவு நீரை வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றாத திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடும்படி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

பனியன் உலர்ந்துவிட்டதா? இன்னும் ஒரு வேடிக்கை பாக்கி இருக்கிறது. ஒரு தூரிகையை எலுமிச்சைச் சாற்றில் தொட்டுக் கறுப்பின்மேல் உங்கள் பெயரை எழுதுங்கள். சிறிது நேரத்தில் எழுத்துகள் வெளிறித் தெரியும். கட்டிலின் பூட்டைக் கழற்றும் தச்சர் சிட்ரிக் அமிலம். இரும்பை டானினிடமிருந்து பிரித்துத் தன்னோடு இழுத்துக்கொள்கிறது. போதுமான அளவு வெளிறியதும் நிறைய நீரில் அலசிவிடுங்கள். பழைய துணியைவிட அன்றைக்கே சாயமேற்றிய துணியில் இது எளிதாக நடக்கும். கடுக்காய் கிடைக்காதவர்கள் கெட்டியான தேயிலை வடிநீரில் முயலலாம். அதிலும் டானின் உண்டு. கறுப்புக்குப் பதில் சாம்பல் நிறம் வரும்.