பழைய கணினியிலும் சக்கரம் சுழலும்

மௌஸின் நடுவில் இருக்கும் சின்னச் சக்கரத்தை இன்று நாம் கவனிப்பதே இல்லை. விரல் தானாகவே அதன்மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. அது இல்லாத கணினியில் நூறு பக்கங்களைப் படிக்க உட்காரும்போதுதான் அதன் அருமை தெரியும். திரையின் வலது ஓரத்தில் இருக்கும் குட்டி அம்புக்குறியைத் தேடிப் பிடித்து அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் மணிக்கட்டு வலியெடுத்துவிடும்.

தைப்பிங்கில் இருக்கும் என் பெரியப்பாவுக்கு வயது 76. ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். 1997இல் வாங்கிய கணினியை இன்னமும் பயன்படுத்துகிறார். விண்டோஸ் 95, வேர்ட் 97, அடியில் உருண்டை ஓடும் இரண்டு பொத்தான் மௌஸ். தாம் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தின் கதையை அதில்தான் எழுதி வருகிறார். எந்த லயத்தில் எந்தக் குடும்பம் இருந்தது, யார் எந்த ஊரிலிருந்து கப்பலேறி வந்தார்கள், தோட்டம் துண்டாடப்பட்டபோது யார் எங்கே போனார்கள் என்று 22 அத்தியாயங்கள், 400 பக்கங்களுக்கு மேல் வந்துவிட்டன.

"புதுக் கணினி வாங்கித் தரட்டுமா பெரியப்பா?" என்று கேட்டால், "எதுக்குப்பா? என் எழுத்தெல்லாம் இதுலதானே இருக்கு" என்பார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. யூனிகோட் பரவலாவதற்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகள் அவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதில் ஏதேதோ குறிகள்தான் தெரியும். மாற்றித் தரும் மென்பொருள்கள் இருக்கின்றன. ஆனால், மாற்றியபின் ஒவ்வொரு பெயரையும் சரிபார்க்க அவர் ஒருவரால்தான் முடியும். இதற்கிடையே மணிக்கட்டு வலியால் இரண்டு மாதங்களாகத் திருத்தும் வேலை அப்படியே நின்றுபோனது.

வலியைக் கூட்டுவது அந்த ஓயாத அழுத்தல்தான் என்பது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது தெரிந்தது. கணினியை மாற்ற வேண்டாம், மௌஸை மட்டும் மாற்றுவோம் என்று முடிவு செய்தோம்.

சக்கரம் வந்த கதை

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் எக்செல் மென்பொருள் பிரிவில் இருந்த எரிக் மிச்செல்மன், பெரிய கணக்குத் தாள்களில் மக்கள் வழி தெரியாமல் திண்டாடுவதைக் கவனித்தார். பெரிதாக்கவும் சிறிதாக்கவும் ஒரு நெம்புகோல் வைத்தால் என்ன என்று 1993இல் யோசித்தார். அந்த யோசனைதான் வளர்ந்து, 1996இல் 'இன்டெலிமௌஸ்' என்ற பெயரில் சக்கரத்தோடு கடைக்கு வந்தது. ஆஃபிஸ் 97 தொகுப்பு அந்தச் சக்கரத்துக்கு ஏற்றபடி எழுதப்பட்டது.

விண்டோஸ் 95 வெளிவந்தது 1995இல். சக்கரம் வருவதற்கு முன்பே பிறந்துவிட்டதால் அதற்குச் சக்கரம் என்றால் என்னவென்றே தெரியாது. தெரியப்படுத்துவதற்குத்தான் டிரைவர் எனப்படும் இயக்கி மென்பொருள். விண்டோஸ் 98இல் இந்தச் சிக்கல் இல்லை. சாதாரணச் சக்கர மௌஸைத் தனி இயக்கி இல்லாமலே அது புரிந்துகொள்ளும்.

உள்ளே நடப்பது என்ன?

பழைய கணினிகளில் மௌஸைச் செருகும் சிறிய வட்டத் துளைக்கு பி.எஸ்/2 என்று பெயர். இந்த வகை மௌஸ், ஒவ்வொரு முறை அசையும்போதும் மூன்று பைட் தகவலை அனுப்பும். பொத்தான்களின் நிலை, பக்கவாட்டு அசைவு, மேல்கீழ் அசைவு. சக்கரத்தைப் பற்றிச் சொல்ல நான்காவது பைட் வேண்டும்.

பழைய கணினி குழம்பிவிடக் கூடாது என்பதற்காக, சக்கர மௌஸ் முதலில் சாதாரண மௌஸ் போலவே நடந்துகொள்ளும். இயக்கி அதற்கு ஒரு சங்கேதம் அனுப்பும். நொடிக்கு எத்தனை முறை தகவல் தர வேண்டும் என்பதை 200, 100, 80 என்று அடுத்தடுத்து மாற்றச் சொல்லிவிட்டு, "நீ யார்?" என்று கேட்கும். சாதாரண மௌஸ் '0' என்று பதில் தரும். சக்கர மௌஸ் '3' என்று சொல்லிவிட்டு, அதன்பின் நான்கு பைட்களாக அனுப்பத் தொடங்கும். இந்த விசாரிப்பைச் செய்ய ஆள் இல்லாவிட்டால், எவ்வளவு நல்ல மௌஸ் வாங்கினாலும் சக்கரம் சும்மாதான் சுழலும்.

நாங்கள் செய்தது

முதல் வேலை, நகல் எடுப்பது. விண்டோஸ் 95 இன்றைய பென் டிரைவை அடையாளம் காணாது. அத்தியாயங்கள் தனித்தனிக் கோப்புகளாக இருந்ததால், 1.44 எம்.பி. பிளாப்பி தட்டுகளில் பிரித்து எடுத்தோம். யூ.எஸ்.பி.யில் இணையும் பிளாப்பி கருவி மூலம் என் மடிக்கணினிக்கு மாற்றினேன். எழுத்துருக் கோப்பையும் மறக்காமல் எடுத்துக்கொண்டேன்.

அடுத்து, பொருத்தமான மௌஸ். யூ.எஸ்.பி. மௌஸோடு பச்சை நிற மாற்றுச் செருகி போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டு வகை இணைப்பையும் புரிந்துகொள்ளும்படி செய்யப்பட்ட மௌஸுக்கு மட்டுமே அது வேலை செய்யும். இன்றைய மௌஸ்கள் பலவற்றில் அந்த வசதி இல்லை. ஈப்போவில் பழைய கணினிப் பொருள்கள் விற்கும் கடையில், பி.எஸ்/2 இன்டெலிமௌஸ் ஒன்று அதன் குறுந்தட்டோடு கிடைத்தது. 'இன்டெலிபாயின்ட்' என்ற இயக்கி அந்தத் தட்டிலேயே இருந்தது. தட்டு இல்லாதவர்கள், முன்பின் தெரியாத இடத்திலிருந்து கோப்பை இறக்கி நிறுவ வேண்டாம். கூடவே நச்சுநிரலும் வந்து சேரலாம்.

பிறகு நிறுவும் வேலை. 'ஆட்/ரிமூவ் புரோகிராம்ஸ்' பகுதியில் வேறு நிறுவனத்தின் பழைய மௌஸ் இயக்கி இருந்தால் முதலில் அதை நீக்க வேண்டும். இரண்டு இயக்கிகள் இருந்தால் ஒன்றோடொன்று மோதும். அதன்பின் கணினியை முழுதாக அணைத்துவிட்டுத்தான் மௌஸை மாற்ற வேண்டும். கணினி ஓடும்போதே கழற்றி மாட்டும் வசதி பி.எஸ்/2 இணைப்பில் கிடையாது. துளையே பழுதாகவும் வாய்ப்புண்டு. மீண்டும் இயக்கி, குறுந்தட்டைப் போட்டு, 'செட்டப்' கோப்பை ஓடவிட்டு, கேட்டபடி மறுபடி தொடக்கினோம். ஐந்தாறு நிமிட வேலைதான்.

வயதானவர் கைக்கு ஏற்றபடி

நிறுவியதோடு விட்டுவிடக் கூடாது. 'கண்ட்ரோல் பேனல்' சென்று 'மௌஸ்' பகுதியைத் திறந்தால் சக்கரத்துக்கென்று தனிப் பக்கம் இருக்கும். ஒரு சுழற்சிக்கு வழக்கமாக மூன்று வரிகள் நகரும். பெரியப்பா வரி வரியாகத் திருத்துகிறவர் என்பதால் இரண்டாகக் குறைத்தேன். இரட்டைச் சொடுக்கின் வேகத்தையும் மெதுவாக்கினேன். விரல் நடுங்குகிறவர்களுக்கு இது பெரிய உதவி.

வேர்ட் 97இல் இன்னும் இரண்டு வசதிகள் உண்டு. 'கண்ட்ரோல்' விசையை அழுத்திக்கொண்டு சக்கரத்தைச் சுழற்றினால் எழுத்து பெரிதாகும். கண்ணாடியைத் தேட வேண்டியதில்லை. சக்கரத்தையே ஒருமுறை அழுத்திவிட்டு மௌஸைக் கொஞ்சம் கீழே இழுத்தால் பக்கங்கள் தாமாக நகரும். கை சும்மா இருக்கலாம், கண் படிக்கலாம். பெரியப்பாவுக்கு இதுதான் மிகவும் பிடித்தது. "இத முன்னாடியே கண்டுபிடிச்சுக் குடுத்திருக்கக் கூடாதா?" என்றார்.

எல்லா மென்பொருளிலும் சக்கரம் வேலை செய்துவிடாது. நோட்பேட் போன்ற பழையவை அதைக் கண்டுகொள்ளாமல் இருக்கலாம். அது மௌஸின் குறை அல்ல. இன்னொன்று, எந்தச் சாளரத்தை நகர்த்த வேண்டுமோ அதனுள் ஒருமுறை சொடுக்கிவிட்டுத்தான் சக்கரத்தைச் சுழற்ற வேண்டும்.

இப்போது பெரியப்பா தினமும் காலையில் ஒரு மணி நேரம் உட்காருகிறார். வலி முழுதாகப் போய்விடவில்லை. ஆனாலும் நின்றுபோன திருத்தம் மறுபடி ஓடுகிறது. அவர் முடித்துத் தரும் ஒவ்வோர் அத்தியாயத்தையும் நான் யூனிகோடுக்கு மாற்றி, அச்செடுத்துக் கொடுக்கிறேன். பெயர்களை அவர் சிவப்புப் பேனாவால் சரிபார்க்கிறார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பழைய கணினி இருந்தால், தூக்கிப் போடுவதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். முதலில் நகல் எடுங்கள். அந்தக் கணினியை இணையத்தோடு இணைக்காதீர்கள். அதற்கான பாதுகாப்பு மேம்பாடுகள் நின்றுபோய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதன்பிறகும் அவர்கள் அதிலேயே எழுத விரும்பினால், கைக்கு வாகான ஒரு மௌஸைப் பொருத்திக் கொடுங்கள்.