விரைவில் என்றால் எப்போது?

'இப்ப வாறேன்' என்று சொல்லிவிட்டுப் போவார் நம் நாஞ்சில் நாட்டு நண்பர். பொழுது சாய்ந்த பிறகு வருவார்! இதில் ஆங்கிலேயன் நமக்கு இளைத்தவனல்லன்.

'ஸூன்' என்பது ஆங்கிலச் சொல். பொருள், 'விரைவில்'. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அது 'ஸோனா'. அன்று அதன் பொருள் 'உடனே'! சொன்னவர்கள் சுணங்கினார்கள், சொல்லும் சுணங்கிவிட்டது. 'அனான்', 'பிரசன்ட்லி' என்பவையும் 'உடனே' என்றிருந்து, 'சற்றுப் பொறு' என்று தேய்ந்தவைதாம்.

அகராதி ஆராய்ச்சி நமக்கெதற்கு என்கிறீர்களா, தோழர்களே? தேய்ந்த அந்தச் சொல்தான் அரசியல் சட்டத்தின் 200-ஆம் பிரிவிலே அமர்ந்திருக்கிறது! பண மசோதா அல்லாத ஒன்றை ஆளுநர் திருப்பி அனுப்புவதானால், 'இயன்ற அளவு விரைவில்' அனுப்பவேண்டுமாம். எத்தனை நாளில்? எண் இல்லை!

விளைவு என்ன? 2020 ஜனவரி முதல் தமிழ்நாட்டு ஆளுநர் மாளிகைக்குச் சென்ற மசோதாக்களில் 10, 2023 நவம்பர் 13-இல் ஒப்புதலின்றித் திரும்பின. பெரும்பாலானவை பல்கலைக்கழகங்களைப் பற்றியவை. நம் பிள்ளைகள் படிக்கும் இடங்கள்! ஐந்தே நாளில் சட்டமன்றம் அவற்றை மீண்டும் நிறைவேற்றியது. மக்கள் மன்றத்துக்கு 'விரைவு' புரிந்தது, மாளிகைக்குப் புரியவில்லை. மசோதாக்கள் குடியரசுத் தலைவருக்குப் போயின.

2025 ஏப்ரல் 8-இல் உச்சநீதிமன்றம், பத்துக்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ளவேண்டும் என்றது, காலவரம்பும் வகுத்தது. களித்தோம். அதே ஆண்டு நவம்பர் 20-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் காலவரம்பு விதிக்க முடியாது என்று கருத்துரைத்தது. காரணமின்றி நெடுங்காலம் முடக்கினால், முடிவெடுக்கச் சொல்லலாமாம்!

நெடுங்காலம் என்றால் எவ்வளவு? மீண்டும் ஒரு சொல். மீண்டும் எண் இல்லை!

காத்திருப்பதன் விலை குமரிக்குத் தெரியும். தாய்த் தமிழகத்தோடு இணையக் கேட்டோம். 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கி பேசிற்று. உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1-இல்தான் இணைந்தோம்.

ஒரு சொல்லுக்கா இத்தனை வாதம்? ஆம்! 1963-இல் ஆட்சிமொழிச் சட்டத்தில் 'மே' என்றிருந்ததை 'ஷால்' என்று ஆக்கச் சொல்லி வாதாடியவர் அண்ணா. ஆங்கிலம் தொடரலாம் என்பது வேறு, தொடரவேண்டும் என்பது வேறு என்று அவருக்குத் தெரியும்.

சனிக்கிழமைக் கூலியை 'விரைவில்' தருகிறேன் என்றால் அடுப்பு எரியுமா? உழைப்பவன் நாள் கேட்கிறான். நாமும் அதையே கேட்கிறோம். அரசியல் சட்டத்தைத் திருத்துக! இத்தனை நாள் என்று எழுதுக!

சொல் தேயும். எண் தேயாது!