டயாலிசிஸ் செய்பவர்களுக்கு இருமல் இல்லாமலும் வரும் காசநோய்

வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குப் போய்வரும் வாப்பாவுக்கு மாலையானால் இலேசான காய்ச்சல். சோறு இறங்கவில்லை, ஒரே அசதி. "கிட்னி கோளாறு உள்ளவருக்கு இதெல்லாம் இருக்கத்தானே செய்யும்" என்று நாம் சொல்லிவிடுகிறோம். சில நேரங்களில் மருத்துவர்களுக்கே அப்படித்தான் தோன்றுகிறது.

காசநோய் என்றாலே இருமல், சளி என்று நினைத்துப் பழகிவிட்டோம். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு நோய் எதிர்ப்பு சக்தி குறைவதால், மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக இந்நோய் தாக்குகிறது. அதுவும் பெரும்பாலும் நுரையீரலுக்கு வெளியே: கழுத்தில் நெறிக்கட்டி, நுரையீரல் உறையில் நீர், வயிற்றின் உள்ளுறை, முதுகெலும்பு. இவர்களுக்கு இருமல் இல்லாமலே போகலாம், சளிப் பரிசோதனையிலும் ஒன்றும் தெரியாமல் போகலாம். தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனையும் பல நேரம் ஏமாற்றிவிடும். கட்டியிலிருந்து சிறிது சதையையோ, கோர்த்த நீரையோ எடுத்துச் சோதிக்க வேண்டிவரும்.

எடையையும் நம்ப முடியாது. சதை கரையும்போது அந்த இடத்தை உடலில் தேங்கும் நீர் நிரப்பிவிடுகிறது. தராசில் அதே எடைதான் காட்டும். ஆனால் கன்னம் ஒட்டியிருக்கும், சட்டை தொளதொளக்கும், படுத்தால் மூச்சு வாங்கும். இதை முதலில் கவனிப்பது வீட்டில் இருப்பவர்கள்தான். டயாலிசிஸ் யூனிட்டில் தயங்காமல் சொல்லுங்கள்.

குணமாகக்கூடிய நோய்தான் இது. சிகிச்சை பொதுவாக ஆறு மாதம். மூளை, எலும்பு என்றால் கூடுதல் காலம். ஆனால் மருந்து கொடுக்கும் முறை வேறு. பைராசினமைடு, எத்தாம்புட்டால் இரண்டையும் வாரம் மூன்று நாள், டயாலிசிஸ் முடிந்த பிறகே பொதுவாகத் தருவார்கள். முன்பே விழுங்கினால் மருந்தின் ஒரு பகுதி இயந்திரத்தோடு போய்விடும். தினமும் முழு அளவில் கொடுத்தாலோ உடலில் தேங்கிவிடும். எத்தாம்புட்டால் தேங்கினால் கண் பார்வையைக் கெடுக்கும். எழுத்து மங்கினாலோ, சிவப்பும் பச்சையும் குழம்பினாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்களுக்கு ரிஃபாம்பிசின் இன்னொரு சிக்கல். அது டாக்ரோலிமஸ் மருந்தின் அளவை இரத்தத்தில் வெகுவாகக் குறைத்து, பொருத்திய உறுப்பையே ஆபத்தில் தள்ளும். எனவே காசநோய் மருத்துவரும் சிறுநீரக மருத்துவரும் கலந்து பேசுவது அவசியம்.

மருந்துகள் அரசு மருத்துவமனைகளில் இலவசம். நிக்ஷய் திட்டத்தில் பதிவு செய்தால் சத்துணவுக்காக மாதம் 1000 ரூபாயும் வங்கிக் கணக்கில் வரும்.

இன்னொன்று. நுரையீரலில் நோய் இல்லை என்று மருத்துவர் உறுதி செய்துவிட்டால், கழுத்துக் கட்டியோ வயிற்றுக் காசநோயோ அருகில் இருப்பவருக்குத் தொற்றாது. தட்டு, டம்ளரைத் தனியாக ஒதுக்க வேண்டியதில்லை. பேரப்பிள்ளைகள் தாராளமாக மடியில் ஏறலாம்.