ஒரு சிட்டிகை விதையும் ஒரு பசுமைக்குடிலும்

இங்கிலாந்தின் யார்க் நகரில், ரயில் நிலையத்தை ஒட்டிய கார் நிறுத்துமிடத்தில் 1979-இல் ஒரு சின்ன மஞ்சள் பூச்செடி கண்டுபிடிக்கப்பட்டது. ‘யார்க் கிரவுண்ட்செல்’ எனப்படும் அது, அந்த ஊர்ப்பக்கம் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. சுவர் விரிசலிலும் தரிசு மனையிலும் முளைத்த செடியைக் களை என்று மருந்தடித்தே ஒழித்தார்கள். 2003-இல் அறிவியல் பெயர் சூட்டித் தனி இனமாக அறிவித்தபோது ஏறக்குறைய அது மறைந்தே போயிருந்தது. யார்க் பல்கலைக்கழகத்தின் ஜன்னலோரத் தொட்டிகளில் மிஞ்சியிருந்தவை மூன்றே செடிகள். ஓராண்டுப் பயிர் என்பதால் அவையும் பட்டுப்போயின. விட்டுச்சென்ற சிட்டிகை விதை கியூ தாவரவியல் பூங்காவின் மில்லினியம் விதை வங்கிக்குப் போய்ச் சேர்ந்தது.

விதைதான் பத்திரமாக இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். போதாது. நன்கு உலர்த்தி மைனஸ் 20 டிகிரியில் வைத்தாலும் விதை மூப்படைவது தாமதப்படுமே தவிர நின்றுவிடாது. இருப்பதோ கொஞ்சம், அதை நேரே தெருவில் தூவினால் நத்தைக்கும் காலடிக்கும் தப்புவது எத்தனை? பெருக்குவதற்கு ஒரு காப்பிடம் வேண்டும். அந்த வேலையைச் செய்தது வேல்ஸில் உள்ள, அரிய பிரிட்டிஷ் தாவரங்களுக்கான ஒரு நாற்றுப்பண்ணை. விதைத்த 100-இல் 98 முளைத்தன. பாலித்தீன் குடில் சீக்கிரமே ஆயிரம் செடிகளால் நிறைந்தது. உறவுச் செடிகளோடு கலப்பு நேர்ந்திருக்கிறதா என்றும் சோதித்தார்கள். 2023-இல் ‘நேச்சுரல் இங்கிலாந்து’ அமைப்பு அந்தப் பூவை மீண்டும் யார்க் மண்ணில் சேர்த்தது.

இது மண்ணின் செடியே அல்ல என்பது ஒரு மறுப்பு. இது ஒரு கலப்பினம்; பெற்றோரில் ஒன்று உள்ளூர்க் களை. மற்றொன்றான ஆக்ஸ்போர்டு ராக்வொர்ட், சிசிலியின் எட்னா எரிமலைச் சரிவிலிருந்து வந்து, ஆக்ஸ்போர்டு தாவரவியல் தோட்டத்திலிருந்து தப்பி, ரயில் பாதை ஜல்லியைப் பிடித்துக்கொண்டு நாடெங்கும் பரவியது. உண்மைதான். ஆனால் பிள்ளை பிறந்தது யார்க்கில். இழந்தால் இன்னொன்று தானாக உருவாகிவிடும் என்றும் நம்ப முடியாது. இதே இரு பெற்றோருக்கு வேல்ஸில் பிறந்து 1948-இல் கண்டறியப்பட்ட கலப்பினம், குரோமோசோம் எண்ணிக்கையிலேயே வேறுபட்ட தனி இனம். ஓர் இனம் உருவாவதை நம் காலத்திலேயே காணக் கிடைப்பது அபூர்வம். அதைக் களைக்கொல்லிக்குக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க என் மனம் ஒப்பவில்லை.

குடிலில் வளர்ந்த செடி தெருவில் தாங்குமா என்ற கேள்வி இதைவிட வலுவானது. மூன்று செடிகளின் வழிவந்த கூட்டம் இது. மரபு வளம் குறைவுதான். உடனே முளைப்பவற்றையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தால், தாமதமாக முளைக்கும் குணமும் போய்விடும். வறட்சியோ மருந்தடிப்போ முதலில் முளைத்தவற்றைக் கொன்றால், பிந்தி முளைப்பவைதானே வம்சத்தைக் காக்கும்? ஆகவே குடிலில் ஓரிரு தலைமுறைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. முளைக்கச் சுணங்கும் விதைகளையும் வீசிவிடாமல் சட்டியிலேயே விட்டு வளர்த்தெடுக்க வேண்டும். விதை போகும் இடங்களில் மருந்து தெளிக்க மாட்டோம் என்ற உறுதியை நகர நிர்வாகத்திடமும் மனைக்காரர்களிடமும் முன்கூட்டியே வாங்க வேண்டும்.