பட்டனைத் தட்டினால் டீசல் டிரக் சூடாகிடுமா? மைனஸ் 30-ல் ரிமோட் ஸ்டார்ட் செய்வதும் செய்யாததும்

2024 ஜனவரி 13, சனிக்கிழமை மாலை. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் எல்லார் கையிலும் இருந்த செல்போன் ஒரே நேரத்தில் அலறியது. எட்மண்டன் பக்கம் மைனஸ் 40 டிகிரியைத் தாண்டிய குளிர். மின்சாரத் தேவை எகிறியதால் சுழற்சி முறையில் மின்வெட்டு வரும் நிலை. அத்தியாவசியத்துக்கு மட்டும் மின்சாரத்தைப் பயன்படுத்துங்கள் என்றது அந்த அவசர எச்சரிக்கை. சில நிமிடங்களிலேயே சுமார் 150 மெகாவாட் தேவை குறைந்து, மின்வெட்டு தவிர்க்கப்பட்டது.

அப்போது சொல்லப்பட்ட சிக்கன யோசனைகளில் ஒன்று நமக்குப் புதுசு: 'எலெக்ட்ரிக் காரை சார்ஜ் போடுவதையும், பிளாக் ஹீட்டரை பிளக்கில் செருகுவதையும் தள்ளிப்போடுங்கள்.'

எலெக்ட்ரிக் கார் சரி. அதென்ன பிளாக் ஹீட்டர்? டீசல் வண்டியை எதுக்கு பிளக்கில் செருகணும்? ரீல்ஸில் பார்க்கிற மாதிரி, போர்வைக்குள் இருந்தபடியே சாவியில் பட்டனைத் தட்டினால் டிரக் தானா உறுமி, கண்ணாடிப் பனி உருகி, சீட் சூடாகி ரெடியாக நிற்காதா?

நிற்கும். ஆனால் அந்த வீடியோ சொல்வது பாதிக் கதைதான்.

டீசலுக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு?

பெட்ரோல் இன்ஜினில் தீப்பொறி வைக்க ஸ்பார்க் பிளக் உண்டு. டீசலில் அது கிடையாது. காற்றை ஏறக்குறைய 16 மடங்கு நெருக்கி, அந்த அழுத்தத்திலேயே 500 டிகிரிக்கு மேல் சூடாக்கி, அதில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். சென்னையில் இது பிரச்சினையே இல்லை.

மைனஸ் 30-ல் கதை வேறு. உள்ளே வரும் காற்றே உறைபனி. அதை நெருக்கிப் பிறக்கும் சூட்டையும் சுற்றியிருக்கும் இரும்பு உறிஞ்சிக்கொள்கிறது. இன்ஜின் ஆயில் தேன் மாதிரி கெட்டியாகிவிடுவதால், சுற்றுவதற்கே அதிக பலம் வேண்டும். அந்த பலத்தைத் தர வேண்டிய பேட்டரியோ, மைனஸ் 18-லேயே ஏறக்குறைய பாதி சக்தியை இழந்திருக்கும். பெரிய டீசல் பிக்கப்களில் இரண்டு பேட்டரி இருப்பது சும்மா இல்லை.

இதற்காகத்தான் ஃபோர்டு, ஜிஎம் டீசல்களில் 'குளோ பிளக்' எனும் சூடேற்றும் முனைகள் இருக்கின்றன. 2025 மாடலுக்கு முந்தைய ராம் டிரக்குகளின் கம்மின்ஸ் இன்ஜினில், உள்ளே போகும் காற்றைச் சூடாக்க கிரிட் ஹீட்டர். டேஷ்போர்டில் சுருள்கம்பி போல ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அது அணையும் வரை காத்திருந்துதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

பட்டனைத் தட்டியதும்...

கம்பெனியே பொருத்தித் தரும் ரிமோட் ஸ்டார்ட் இதை அறியும். பட்டனை அழுத்தியதும் உடனே இன்ஜினைச் சுற்றாது. ஹீட்டர் வேலையை முடிக்கும் வரை சில நொடிகள் பொறுத்திருந்து கிளப்பும். 'அழுத்தினேன், ஒண்ணும் ஆகலையே' என்று திரும்பத் திரும்ப அழுத்துவது புதிதாக வாங்கியவர்கள் செய்யும் தவறு. வெளிக்கடையில் மாட்டும் கருவி என்றால், அதை டீசலுக்கான செட்டிங்கில் வைத்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்வது அவசியம். இல்லையென்றால் பெட்ரோல் வண்டி என நினைத்து உடனே சுற்றி, பேட்டரியைத் தின்றுவிடும்.

கியர் பார்க்கில் இருக்கணும், கதவும் பானெட்டும் மூடியிருக்கணும். மாடலைப் பொறுத்து 10 அல்லது 15 நிமிடத்தில் இன்ஜின் தானாக அணைந்துவிடும். அதற்குள் நீங்கள் சாவியோடு ஏறி முறைப்படி ஆன் செய்ய வேண்டும். சாவி இல்லாமல் ஒருவர் ஏறி ஓட்டப் பார்த்தால் வண்டி நகராது. ஆளில்லாமல் வண்டியை ஓடவிடுவதைத் தடைசெய்த அமெரிக்காவின் கொலராடோ மாகாணம், 2016-ல் ரிமோட் ஸ்டார்ட்டுக்கு மட்டும் விலக்கு கொடுத்ததற்கும் இதுதான் காரணம்.

15 நிமிஷத்தில் எவ்வளவு சூடாகும்?

இங்கேதான் ஏமாற்றம். டீசல் இன்ஜின் எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்துவது. அதாவது, வீணாகும் வெப்பம் குறைவு. சுமை இல்லாமல் நின்றபடி ஓடும்போது எரியும் டீசலே கொஞ்சம்தான். கடும் குளிரில் 15 நிமிடம் ஓடியும் வெப்பமானி முள் லேசாக அசைந்திருக்கும், அவ்வளவுதான். ஐட்லிங் வேகத்தைத் தானாகக் கூட்டும் வசதி சில டிரக்குகளில் உண்டு. அதுவும் ஓரளவுக்கே உதவும்.

உண்மையில் ரிமோட் ஸ்டார்ட் செய்யும் பெரிய உதவி இரண்டு. ஆயில் இன்ஜின் முழுக்கப் பரவ நேரம் கிடைக்கிறது. சீட், ஸ்டீயரிங், பின்கண்ணாடி ஆகியவற்றின் மின் ஹீட்டர்கள் முன்கூட்டியே வேலை செய்கின்றன. கியர்பாக்ஸ், வீல் பேரிங், டயர் எல்லாம் ஐஸாகவேதான் இருக்கும். அவை ஓடினால்தான் சூடாகும். எனவே சில நிமிடம் ஓடவிட்டு, கண்ணாடி தெளிந்ததும் முதல் சில கிலோமீட்டரை நிதானமாக ஓட்டுவதே இன்ஜினுக்கும் நல்லது.

அரை மணி, ஒரு மணி என்று ஓடவிட்டால் செலவு வேறு ரூபத்தில் வரும். 2007-க்குப் பிறகு வந்த வட அமெரிக்க டீசல் டிரக்குகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு, சுருக்கமாக டிபிஎஃப். புகைக்குழாய் நன்றாகச் சூடானால்தான் அந்தக் கரி எரிந்து போகும். ஐட்லிங்கில் அந்தச் சூடு வராது. கரி சேரச் சேர அடைப்பு, வார்னிங் லைட், ஒர்க்‌ஷாப்.

சட்டமும் குறுக்கே வரலாம். தமிழர்கள் அதிகம் வாழும் டொரண்டோவில், 60 நிமிடத்தில் 1 நிமிடத்துக்கு மேல் வண்டியைச் சும்மா ஓடவிடக்கூடாது என்கிறது நகர விதி.

அப்போ அந்த பிளக்?

அதுதான் நிஜ ஹீரோ. பிளாக் ஹீட்டர் என்பது இன்ஜினுக்குள் இருக்கும் கூலன்ட்டைச் சூடாக்கும் சின்ன மின்கருவி. நம்ம வீட்டு வாட்டர் ஹீட்டர் ராடு மாதிரிதான். வண்டியின் முன்கிரில்லில் இருந்து ஒரு வயர் தொங்கும், அதை வீட்டு பிளக்கில் செருகுவார்கள். எட்மண்டன், வினிபெக் போன்ற ஊர்களில் பார்க்கிங்கிலேயே பிளக் பாயின்ட் வைத்த கம்பங்களைப் பார்க்கலாம்.

பெரிய டீசல் பிக்கப்பில் இது 750 முதல் 1,000 வாட் வரை, அதாவது அயர்ன் பாக்ஸ் அளவுக்கு இழுக்கும். ராத்திரி முழுக்கப் போட்டால் 10 யூனிட் போகும். கிளம்புவதற்கு 2 மணி நேரம் முன்பு ஆன் ஆகும்படி டைமர் வைத்தால் 2 யூனிட்டில் முடிந்துவிடும். இப்படி இளஞ்சூட்டில் இருக்கும் இன்ஜினை ரிமோட்டில் கிளப்பினால், ஹீட்டர் காற்றும் சீக்கிரம் வரும்.

ரெண்டுமே உதவாத நிலை ஒன்று உண்டு: டீசலே உறைவது. டீசலில் இருக்கும் மெழுகு குளிரில் பிரிந்து ஃபில்டரை அடைத்துவிடும். அதனால்தான் குளிர் நாடுகளில் பனிக்காலத்துக்கு என்று தனி டீசல் வருகிறது. நம் நாட்டிலும் இருக்கிறது. லடாக்குக்காக இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் கொண்டுவந்த டீசல், மைனஸ் 33 டிகிரி வரை உறையாதது.

கராஜில் மட்டும் வேண்டவே வேண்டாம்

ரிமோட் ஸ்டார்ட்டில் உயிர் போகும் இடம் இதுதான். வீட்டோடு ஒட்டிய கராஜுக்குள் வண்டி நிற்கிறது; பாக்கெட்டில் இருந்த சாவி அழுந்திவிட்டது, அல்லது 'சும்மா 10 நிமிஷம்தானே' என்று அழுத்தியாச்சு. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கதவிடுக்கு வழியாக வீட்டுக்குள் வந்துவிடும். பெட்ரோலைவிட டீசல் புகையில் அது குறைவு என்பதை நம்பி ஏமாற வேண்டாம். மூடிய இடத்தில் அந்தப் புகை எதுவாக இருந்தாலும் ஆபத்தே. சாவி செருகாமலே ஓடும் கார்களை அணைக்க மறந்ததால் 2006-லிருந்து அமெரிக்காவில் இரண்டு டஜனுக்கும் மேற்பட்டோர் இறந்ததாக நியூயார்க் டைம்ஸ் 2018-ல் கணக்கெடுத்து எழுதியது.

கராஜ் கதவைத் திறந்து வைத்தாலும் போதாது. வண்டியை வெளியே எடுத்த பிறகே ஓடவிட வேண்டும். ராத்திரி பனி கொட்டியிருந்தால், பட்டனைத் தொடும் முன் புகைக்குழாய் வாயைப் பனி மூடியிருக்கிறதா என்று போய்ப் பார்க்க வேண்டும். ஆமாம், அந்தக் குளிரில் வெளியே போய்த்தான். வீட்டுக்குள் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருப்பதும் கட்டாயம்.

இன்னொன்று, உயிருக்கு அல்ல, பர்ஸுக்கு ஆபத்து. பிளக்கில் வயர் செருகியிருப்பது ரிமோட்டுக்குத் தெரியாது. இன்ஜின் ஓடுகிறது, சீட் சூடாக இருக்கிறது, ஏறி கியரைப் போட்டால் வயரும் கூடவே பிய்த்துக்கொண்டு வரும். வயரின் மறுமுனையை டிரைவர் பக்கக் கண்ணாடியில் ஒரு சுற்று சுற்றி வைத்தால், ஏறும் முன் கண்ணில் படும்.