பெருந்தொற்றுக் காலத்து முதுமையாய்வும் வட்டார வழக்கும்

முதுமை பற்றிய ஆராய்ச்சி ஒரு துறையார்க்கே உரியதன்று. மருத்துவம், பொருளியல், உளவியல் ஆகியவற்றோடு மொழியாராய்ச்சிக்கும் அதன்கண் பங்குண்டு என்பதே ஈண்டு யாம் விளக்க முற்படுவது.

2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி, அறுபதும் அதற்கு மேலும் அகவையுடையோர் இந்தியாவில் நூற்றுக்கு 8.6 பேர், தமிழ்நாட்டில் 10.4 பேர். இத்தகையோரை ஆராய்வார் வீடுதோறும் சென்று வினவுதலே வழக்கம். 2020 மார்ச்சு 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு நிலவியபோது அது இயலாதாயிற்று. வினவச் செல்பவரே முதியோர்க்கு நோய் கொணர்பவர் ஆகக்கூடும். ஆதலின் ஆய்வாளர் பலர் தொலைபேசியை நாடினர்.

தமிழ்நாட்டில் தனித்து வாழும், 55 வயதும் அதற்கு மேலும் உடைய 1,120 பேரிடம் அக்காலத்து நிகழ்ந்த கூட்டாய்வு இதற்குச் சான்று. தொலைபேசிவழி உளப்பயிற்சியும் ஒருமுறைப் பணவுதவியும் அவர்தம் மனச்சோர்வைத் தணிக்குமா என அது ஆராய்ந்தது. குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை என்பது 2023இல் வெளியான முடிவு. எதிர்மறை முடிவாயினும் மறையாது உரைத்தமையின், பின்வருவார்க்கு அது பெரிதும் பயன்படும்.

தொலைபேசியில் முகக்குறிப்பு இல்லை. சொல் ஒன்றே சான்று. 'மனச்சோர்வு' என்பது ஏட்டுச் சொல். முதியோர் வாயில் அது 'மனசு சரியில்லை', 'ஒண்ணும் ஓடலை' என்றே வரும். தனிமையைப் 'பேச்சுத் துணைக்கு ஆளில்லை' என்பர். இவ்வழக்குகளை அறியாதார் வினாநிரல் வகுப்பின், துயருற்றாரும் துயரிலார் பட்டியலிற் சேர்வர்.

இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்தை நோக்குக. நூற்பாலைகள் மிக்க இராசபாளையத்தில் வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசுவோர் உளர். அவரை எம்மொழியில் வினவுவது என்பதே முதல் வினா. அருகிலுள்ள சத்திரப்பட்டி மருத்துவக் கட்டுத்துணி நெசவுக்குப் பெயர்பெற்றது. வீட்டிலிருந்தே நூல் சுற்றும் மூதாட்டியை 'வேலை பார்க்கிறீர்களா?' என்றால், 'சும்மாதான் இருக்கிறேன்' என்று விடையிறுத்தல் கூடும். 'என்ன கைவேலை செய்கிறீர்கள்?' என வினவினால் உண்மை புலப்படும். 'ஓய்வு பெற்றது எப்போது?' என்னும் வினாவோ ஆலைத் தொழிலாளர்க்குப் பொருந்தும், தறிநெய்வார்க்குப் பொருந்தாது.

ஆதலின் தமிழ்த்துறைகள் செய்யத்தக்கன இரண்டு. முதியோர் நோயும் துயரும் உரைக்கும் வட்டாரச் சொற்களை, அவர்தம் இசைவு பெற்று, இயல்பான காலத்திலேயே தொகுத்தல் ஒன்று. மருத்துவரும் பொருளியலாரும் வகுக்கும் வினாக்களை அவ்வவ்வூர் முதியோரிடம் முன்னரே சொல்லிப் பார்த்துத் திருத்தித் தருதல் மற்றொன்று. கொள்ளைநோய் வந்தபின் இவற்றைத் தொடங்குதல் அரிது. தொகுப்பு முன்னரே அமைந்திருப்பின், கதவடைத்த வீட்டினுள் இருக்கும் முதியவரின் குரலும் ஆய்வில் பிழையின்றி இடம்பெறும் எனக் கருதுகின்றோம்.