ஆடுகளமும் அகழியும்

நுழையும்முன்

விளையாட்டின் வரலாறு பெரும்பாலும் கோப்பைகளை வென்றவர்களையே நினைவில் வைத்திருக்கிறது. முதல்நிலை அணியிலிருந்து ஒதுக்கப்பட்டுக் கீழ்நிலை அணிக்குச் சென்ற ஒருவர், அங்கே தம் ஆட்டத்தைக் கண்டடைந்தார்; பின்பு படைச்சீருடை அணிந்து, விதிகள் மறுத்த பதவியையும் அடைந்தார். அவரே வால்டர் டல்.

பிரிஸ்டல் நகரில் ஒரு மாலை

1909ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் உள்ளூர் அணியை எதிர்த்து இலண்டனின் டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் அணி ஆடிக்கொண்டிருந்தது. டாட்டன்ஹாம் அணியின் முன்களத்தில் ஆடியவர் இருபத்தொரு வயது வால்டர் டல். பார்வையாளருள் ஒரு பகுதியினர் அவருடைய நிறத்தைச் சுட்டி இழிசொற்களை வீசினர். ஆட்டத்தைக் கண்ட செய்தியாளர் ஒருவர் அச்செயலைக் கடிந்து எழுதியதோடு, அன்று முன்களத்தில் ஆடியோருள் திறமையில் சிறந்தவர் டல் என்றும் பதிவுசெய்தார்.

ஆனால், அந்த ஆட்டத்திற்குப் பின் அவர் முதல் அணியில் களமிறங்குவது அரிதாயிற்று. டாட்டன்ஹாமின் முதல் அணிக்காக அவர் ஆடிய லீக் ஆட்டங்கள் மொத்தம் பத்து; அடித்த கோல்கள் இரண்டு. இழிசொல் வீசியவர்கள் மறுவாரமும் பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருக்கலாம். அதைக் கேட்டவரோ, மெல்ல மாற்று அணிக்கு நகர்த்தப்பட்டார்.

அச்சகம் பழகிய சிறுவன்

வால்டர் டல் 1888ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள், கென்ட் மாவட்டத்தின் கடற்கரை நகரான ஃபோக்ஸ்டனில் பிறந்தார். தந்தை டேனியல், பார்படோஸ் தீவிலிருந்து வந்த தச்சர். அவருடைய தந்தை அத்தீவின் அடிமை வாழ்வை அறிந்தவர். தாய் ஆலிஸ், கென்ட் மண்ணின் பெண். தாய் 1895இலும் தந்தை 1897இலும் இறக்க, வால்டரும் அண்ணன் எட்வர்டும் இலண்டன் பெத்னல் கிரீன் பகுதியில் இருந்த ஆதரவற்றோர் இல்லத்தில் சேர்க்கப்பட்டனர். பின்னர் எட்வர்டை கிளாஸ்கோவைச் சேர்ந்த குடும்பம் ஒன்று தத்தெடுத்துக்கொண்டது. அவர் பல் மருத்துவரானார். வால்டர் இல்லத்திலேயே வளர்ந்து அச்சுத்தொழில் பழகினார். இல்லத்தின் அணியில் பந்தும் ஆடினார். 1908இல் கிளாப்டன் என்னும் ஊதியமில்லாத் தன்னார்வ அணியில் சேர்ந்தார். அந்தப் பருவத்திலேயே அவ்வணி தன்னார்வ அணிகளுக்கான தேசியக் கோப்பையை வென்றது. அதன் பின்னரே டாட்டன்ஹாம் அவரை அழைத்தது.

நார்த்தாம்டன் ஆண்டுகள்

1911இல் நார்த்தாம்டன் டவுன் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. அந்நாளில் இங்கிலாந்தின் முதன்மைக் கால்பந்துக் கூட்டமைப்பில் இரண்டு பிரிவுகளே இருந்தன. அவற்றில் இடம்பெறாத தென்பகுதி அணிகள் பல, சதர்ன் லீக் என்னும் தனிக்கூட்டமைப்பில் ஆடின. நார்த்தாம்டன் அவற்றுள் ஒன்று. தோல் காலணித் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. அணியின் மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன், பிற்காலத்தில் ஹடர்ஸ்ஃபீல்டு, ஆர்சனல் ஆகிய அணிகளை உயர்த்திப் புகழ்பெற்றவர்.

இம்மாற்றத்தை வீழ்ச்சி என்று எழுதுவது எளிது. எனினும், ஓர் ஆட்டக்காரருக்கு வேண்டுவது பெரிய பெயர்ப்பலகையா, வாரந்தோறும் கால்பதிக்க ஒரு களமா? டாட்டன்ஹாமில் பத்து ஆட்டங்களுக்கு மேல் வாய்க்காத டல், நார்த்தாம்டனுக்காக நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் ஆடினார். முன்களத்திலிருந்து நடுக்களத்திற்கு வந்தார். அந்நாளைய ஆட்டமுறையில் நடுக்கள வீரரின் பணி எளிதன்று. எதிரணியின் தாக்குதலை இடைமறிக்க வேண்டும்; கைக்கொண்ட பந்தை உரியவரிடம் உரிய நேரத்தில் சேர்க்க வேண்டும். கோல் அடித்தவர் பெயரே மறுநாள் செய்தியில் வரும். ஆட்டத்தின் போக்கை முன்னும் பின்னும் பார்த்து இயங்குபவரோ நடுக்கள வீரர்.

படை அழைத்தது

1914இல் உலகப்போர் மூண்டது. இளைஞர்கள் போர்முனைக்குச் செல்லும்போது பந்தாட்டம் தேவையா என்று நாளிதழ்கள் வினவின. அந்த ஆண்டு டிசம்பரில், மிடில்செக்ஸ் படைப்பிரிவின் 17ஆம் அணி கால்பந்தாட்டக்காரர்களுக்கென்றே உருவாக்கப்பட்டது. 'கால்பந்துப் படையணி' என்றே அதனை மக்கள் அழைத்தனர். இரண்டாம் பிரிவில் ஆடிய கிளாப்டன் ஓரியன்ட் சங்கத்திலிருந்து மட்டும் ஏறத்தாழ நாற்பது பேர் சேர்ந்தனர். அவ்வணியின் வீரர் மூவர் போரில் உயிரிழந்தனர். டல் அந்த டிசம்பரிலேயே தம் பெயரைப் பதிவுசெய்தார்.

படையில் அவர் விரைவில் சார்ஜன்ட் நிலைக்கு உயர்ந்தார். 1915 நவம்பரில் படையணி பிரான்சுக்குச் சென்றது. அகழிகளில் இடையறாது விழுந்த குண்டுகள் உடலை மட்டும் தாக்கவில்லை. 1916 மே மாதம், மனம் நிலைகுலைந்த நிலையில் டல் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். தேறியபின் திரும்பிவந்து, சோம் ஆற்றுப் போரின் இறுதிக்கட்டத்தில் பங்கேற்றார். வீரக்கதைகள் இந்த இடைவெளியைச் சொல்லாமல் தாண்டிச் செல்வதுண்டு. அந்தக் குண்டொலியை அறிந்த பின்னும் அங்கே திரும்பியது சிறிய செயல் அன்று.

விதியும் பதவியும்

அதிகாரியாக வருபவர் கலப்பற்ற ஐரோப்பிய மரபினராக இருக்க வேண்டும் என்பது அன்றைய பிரித்தானியப் படைத்துறையின் விதி. அத்தகைய படையில் டலை அதிகாரிப் பயிற்சிக்கு மேலோர் பரிந்துரைத்தனர். ஸ்காட்லாந்தில் பயிற்சி பெற்ற அவர், 1917 மே 30ஆம் நாள் இரண்டாம் லெப்டினன்ட் ஆனார். பிரித்தானியப் படையின் முதல் கறுப்பின அதிகாரி அவரே என்று நெடுங்காலம் எழுதப்பட்டது. அவருக்கு முன்னும் அத்தகையோர் இருந்ததைப் பிற்கால ஆவண ஆய்வுகள் காட்டியுள்ளன. அதனால் டலின் சிறப்பு குறைவதில்லை. நிறத்தை மறைக்க இயலாத, மறைக்க முயலாத ஒருவர் வெள்ளையர் படைக்குத் தலைமை ஏற்றார்.

23ஆம் அணியுடன் இத்தாலிக்குச் சென்ற அவர், 1918ஆம் ஆண்டின் தொடக்க நாள்களில், குளிர்நீர் விரைந்தோடும் பியாவே ஆற்றை இரவில் கடந்து, 26 வீரர்களுடன் எதிரியின் பகுதிக்குள் சென்றார். அனைவரையும் ஊறின்றி மீட்டுவந்தார். படைத்தலைவர் மேஜர் ஜெனரல் லாஃபோர்டு அவருடைய வீரத்தையும் பதறாத தன்மையையும் பாராட்டினார்.

அணி மீண்டும் பிரான்சுக்கு அழைக்கப்பட்ட பின், 1918 மார்ச்சில் ஜெர்மானியர் பெருந்தாக்குதல் தொடங்கியது. மார்ச் 25ஆம் நாள், ஃபாவ்ரேய் என்னும் சிற்றூரருகே பின்வாங்கும் போரில் டல் சுடப்பட்டார். அவருடைய வீரர்கள் உடலைத் தூக்கிவர முயன்றனர். நெருங்கி வந்த எதிரிப்படை அதற்கு இடம் தரவில்லை. உடல் கிடைக்கவேயில்லை. டலுக்கு மிலிட்டரி கிராஸ் விருது பரிந்துரைக்கப்பட்டது என்று உடன்பணியாற்றிய அதிகாரி ஒருவர் எட்வர்டுக்கு எழுதினார். அவ்விருது வழங்கப்படவில்லை.

அராஸ் நகர நினைவுச் சுவரில், கல்லறையற்ற பல்லாயிரம் வீரர்களின் பெயர்களுக்கிடையே அவர் பெயரும் உள்ளது. நார்த்தாம்டன் அணியின் சிக்ஸ்ஃபீல்ட்ஸ் ஆட்டரங்கத்தில் 1999ஆம் ஆண்டு அவருக்கு நினைவிடம் திறக்கப்பட்டது. ஆட்டம் காணச் செல்வோர் இன்றும் அதனைப் பார்க்கலாம்.